கடாரக் கரையில் ஒரு வேன்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், ராஜேந்திர சோழனைப் பற்றிச் சொல்லும் நாளில் எங்கள் ஆசிரியரின் குரலே மாறிவிடும். கப்பல், யானை, கடல் கடந்த படை, கடாரம் கொண்டான் என்று அவர் அடுக்கும்போது நாங்கள் வாய் பிளந்து கேட்போம். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே மலாய்மொழி வரலாற்றுப் பாடநூலில் ‘கெடா துவா’ என்று ஒரு பாடம் வந்தது. வணிகத் துறைமுகம், மணிகள், இரும்பு, களிமண் பானைகள் என்று மனனம் செய்து தேர்வு எழுதினேன். இந்த இரண்டும் ஒரே ஊர் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவே இல்லை. ஒன்று தமிழில் இருந்தது, மற்றொன்று மலாயில் இருந்தது. என் தலைக்குள் அவை இரண்டு வேறு நாடுகள்.

அந்த இரண்டு நாடுகளும் ஒன்றான இடத்தை இவ்வாண்டு சீனப் பெருநாள் விடுமுறையில் நான்கு நாள் சுற்றிப் பார்த்தேன். தனியாக அல்ல, அப்பா, அம்மா, தம்பி, பாட்டி ஆகியோருடன், வாடகைக்கு எடுத்த ஒரு கேம்பர்வேனில். அந்தக் கரை ஏன் கடாரம் ஆயிற்று, பிறகு ஏன் கடாரமாக இல்லாமல் போயிற்று என்பதை அங்கே நின்றபோதுதான் புரிந்துகொண்டேன். புரிந்ததை வாசகத் தோழர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணத்துக்குக் காரணம் பாட்டி. அவர் பிறந்தது கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். திருமணமாகிப் பிராங் பெசார் தோட்டத்திற்கு வந்தார். புத்ராஜெயா நகரம் எழுவதற்காக அத்தோட்டமும் அருகிலிருந்த தோட்டங்களும் 1990களில் காலியாக, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம் மாறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாட்டி இரண்டு தோட்டங்களை இழந்தவர். இரண்டாவது தோட்டம் இருந்த இடத்தை நினைத்தால் பார்க்கலாம், பதினைந்து நிமிடப் பயணம். அங்கே இப்போது அரசாங்கக் கட்டடங்கள் நிற்கின்றன. முதல் தோட்டத்தை அவர் அறுபது ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. “கண்ணு நல்லா இருக்கறப்பவே ஒரு தடவ காட்டிடுங்கய்யா” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு முழங்கால் வலி. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, தங்குவிடுதிப் படிகள் ஏற முடியாது. படுத்துக்கொண்டே போகக்கூடிய வண்டி வேண்டும் என்று நான்தான் கேம்பர்வேன் யோசனையைச் சொன்னேன். முப்பது ஆண்டு லாரி ஓட்டிய அப்பா சிரித்தார். “நான் சம்பளம் வாங்கிக்கிட்டு வண்டியில தூங்கினவன். இப்ப காசு குடுத்துத் தூங்கணுமா?” என்றார். ஆனால் வண்டியைப் பார்த்ததும் முதலில் ஏறி மெத்தையை அமுக்கிப் பார்த்தவரும் அவரே.

இத்தகைய பயணத்தை நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வெற்றெடை 3,500 கிலோவுக்கு மிகாத வேனை ஓட்டச் சாதாரண கார் உரிமமான ‘டி’ வகுப்பே போதும். வாடகை வண்டியே நல்லது. சொந்த வேனின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போடுவதென்றால், அது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது. எங்கள் வண்டியில் இரண்டு படுக்கை, ஒரு சின்னக் கைகழுவும் தொட்டி, எரிவாயு அடுப்பு, மின்விசிறிக்குத் தனி பேட்டரி ஆகியவை இருந்தன. கழிப்பறை இல்லை. வயதானவர் உடன் இருந்தால், இரவில் எங்கே நிறுத்துவது என்பதை அதுவே முடிவு செய்யும். பெட்ரோல் நிலையம், நெடுஞ்சாலை ஓய்விடம், இவை இல்லாத இடத்தில் பள்ளிவாசல் வளாகம். ஒவ்வோர் இடத்திலும் கேட்டுவிட்டே நிறுத்தினோம். யாரும் மறுக்கவில்லை.

டெங்கிலிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பினாங்கு எல்லையைத் தாண்டும்போதே ஜெராய் மலை தெரியத் தொடங்கிவிட்டது. சுற்றிலும் தட்டையான நிலம்; நடுவே அது மட்டும் எழுந்து நிற்கிறது. படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்து, “பெரிய மலை” என்றார். அந்த மலைக்கு அவருக்கு வேறு பெயர் தெரியாது.

நம் நாட்டின் மேற்குக் கரை என்றாலே சேறும் அலையாத்திக் காடும்தான். பாறையும் செங்குத்தும் கொண்ட கரை அங்கே குறைவு. வடக்கே மெர்போக்கிலிருந்து யான் வரையிலான கரையில்தான் ஓர் உயர்ந்த மலை கடலுக்கு இவ்வளவு நெருங்கி வந்து நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர். கடினமான குவார்ட்சைட்டும் கருங்கல்லும் கொண்டது. சுற்றியிருந்த மென்மையான நிலம் கரைந்து போக, இது மட்டும் எஞ்சிற்று. இந்த மலையைத்தான் கப்பலோட்டிகள் தேடினார்கள்.

எவ்வளவு தொலைவிலிருந்து அவர்களால் இதைப் பார்த்திருக்க முடியும்? பூமி உருண்டை என்பதால் தொலைவிலுள்ள பொருளின் அடிப்பாகம் கடலுக்குக் கீழே மறைந்துவிடும். ஓர் உயரமான பொருளின் உச்சி எத்தனை கிலோமீட்டர் வரை தெரியும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்க வேண்டும். 1,217இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 34.9, பெருக்கினால் 124 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பார்ப்பவன் கடல் மட்டத்திற்கு நான்கு மீட்டர் மேலே கப்பல் தட்டில் நிற்கிறான் என்றால் இன்னும் 7 கிலோமீட்டர். ஆக, வானம் தெளிவாக இருந்தால் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலேயே ஜெராயின் உச்சி கண்ணில் படும். மணிக்கு 8 கிலோமீட்டர் போகும் பாய்மரக் கப்பலுக்கு அது பதினாறு மணி நேரப் பயணம். கரையே தெரியாத நடுக்கடலில், வழி தவறவில்லை என்று அவ்வளவு முன்னதாகவே தெரிந்துகொள்வது எத்தனை பெரிய நிம்மதி!

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். இலங்கையின் தென்முனை ஏறத்தாழ 5 பாகை 55 கலை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜெராய் மலை 5 பாகை 47 கலையில். இலங்கையைச் சுற்றிக் கிழக்கே திரும்பிய கப்பல், நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையேயுள்ள வாய்க்காலில் நுழைந்து ஏறக்குறைய நேராக வந்தால் இம்மலையின் முன்னால்தான் வந்து நிற்கும். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரம் என்பது அந்த நிக்கோபார்தான். நாகப்பட்டினத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் தொலைவு சுமார் 2,300 கிலோமீட்டர்.

காற்றும் இதற்கு இசைந்தது. மே இறுதி முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போக நவம்பர் வாக்கில் தொடங்கும் வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் முக்கியம். மாதக்கணக்கில் காத்திருப்பவனுக்குத் தங்க இடமும், சரக்கு வைக்கக் கிடங்கும், கும்பிட ஒரு கோயிலும் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று நாம் காணும் செங்கல் மேடைகள் பலவற்றிற்குப் பின்னால் காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் இரவு கோத்தா கோலா மூடாவில் தங்கினோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து மோதிய மீனவர் ஊர் அது. சிதைந்த படகுகளை அடுக்கி ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அன்று இறந்தவர்கள் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். சுமத்திரா இடையே மதில் போல் நிற்பதால் நம் மேற்குக் கரைக்குப் பெரிய அலைகள் வருவதில்லை. பண்டைய கப்பல்களுக்கு இந்தக் கரை பாதுகாப்பாக இருந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் மதிலின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு அலை வந்தபோது, முதலில் அடி வாங்கியவை பினாங்கு, கெடா போன்ற வடபகுதிகளே. அம்மா அந்தப் படகுகளைப் பார்த்துவிட்டு, அன்றிரவு வேனைக் கடலோரத்தில் நிறுத்தவே விடவில்லை.

அந்த வட்டாரத்தில்தான் கம்போங் சுங்கை மாஸ் இருக்கிறது. மணிகளும் பானை ஓடுகளும் குவியலாகக் கிடைத்த பழைய துறைமுகம். பத்து, பதினொன்றாம் நூற்றாண்டளவில் வணிகம் அங்கிருந்து வடக்கே பெங்காலான் பூஜாங்கிற்கு நகர்ந்தது. ஆறு தடம் மாறியதும் மண் மேடிட்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மலாயில் ‘பெங்காலான்’ என்றால் படகுத்துறை. சீனப் பீங்கானும் மத்தியக் கிழக்குக் கண்ணாடியும் கிடைத்த இடம் அது. நாங்கள் அங்கே வேனை விட்டு இறங்கியபோது சுற்றிலும் வீடுகள், தென்னை, கோழி. கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. பெயர் மட்டும் இன்னும் படகுத்துறை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடல் எங்கே போயிற்று? ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. இன்று நெல் விளையும் கெடாச் சமவெளியின் பெரும்பகுதி அப்போது நீருக்கடியில். ஜெராய் ஒரு தீவாகவோ தீபகற்பமாகவோ இருந்திருக்க வேண்டும். பிறகு கடல் மெல்ல இறங்க, மூடா ஆறும் மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளும் ஓயாமல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. அலையாத்தி வேர்கள் அந்த மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டன. கரை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் நடந்து போனது.

இதை நூலில் படித்தபோது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை ஏற்படவில்லை. இரண்டாம் நாள் மாலையில் நம்பினேன். தஞ்சோங் டாவாய் மீனவர் ஊரில் கருவாடும் பெலாச்சானும் வாங்கிவிட்டு, சற்றுத் தள்ளிக் கரையோரத்தில் தேநீர் போடலாம் என்று வேனைத் திருப்பினோம். கடல் வற்றியிருந்தது, தரை காய்ந்து கெட்டியாகத் தெரிந்தது. லாரி ஓட்டிய அப்பாவே ஏமாந்துவிட்டார். மேல் தோல் மட்டும்தான் காய்ந்திருந்தது. பின்சக்கரம் பாதி புதைந்தது. இந்தக் கரையில் பெருவேற்றத்தின்போது கடல்மட்டம் இரண்டு மீட்டர் அளவு ஏறி இறங்கும். தரை தட்டை என்பதால் நீர் வெகுதூரம் பின்வாங்கி, அதே தூரம் திரும்பி வரும். வாடகை வண்டி, உள்ளே பாட்டி, எதிரே திரும்பி வந்துகொண்டிருக்கும் கடல். தம்பி சிரிக்க முயன்றான், முடியவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மூன்று மலாய்க்காரர்கள் பலகையும் கயிறும் கொண்டுவந்து அரை மணி நேரத்தில் வண்டியை இழுத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர், தம் தாத்தா காலத்தில் நாங்கள் நிற்கும் இடத்தில் படகு கட்டுவார்கள் என்று சொன்னார். முழங்கால்வரை சேற்றுடன் அதைக் கேட்டேன். ஒரு துறைமுகத்தை மூடச் சோழர் படை தேவையில்லை, இந்தச் சேறே போதும் என்று அப்போது தோன்றியது.

மெர்போக்கிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. அதன் மேட்டில், சிற்றாற்றின் கரையில், புக்கிட் பத்து பகாட் கோயில் நிற்கிறது. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் 1930களில் தோண்டி ஆராய்ந்தது. 1960 வாக்கில் மீண்டும் அடுக்கிக் கட்டப்பட்டது. கருங்கல் அடித்தளமும், மரத்தூண்கள் பொருந்தக் குழி வெட்டிய கற்களும் மட்டுமே மிச்சம். மேற்கூரை மரத்தாலானது என்பதால் மக்கிப் போயிற்று. அமைப்பில் இரண்டு பகுதிகள். ஆய்வாளர்கள் அவற்றை விமானம், மண்டபம் என்ற சொற்களாலேயே குறிக்கிறார்கள். வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கோயில் அடித்தளங்கள் சிலவும் அதே வளாகத்தில் உள்ளன. பாட்டி படியேற முடியாமல் கீழேயே ஒரு கல்லில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே பார்த்துக் கும்பிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூஜாங் கோயில்கள் எல்லாம் சோழன் கட்டியவை என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியல்ல. ராஜேந்திரனின் படையெடுப்பு கி.பி. 1025இல். அதற்குச் சுமார் அறுநூறு ஆண்டுகள் முன்பே, ஐந்தாம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் கடற்பயணம் நல்லபடியாக முடியவேண்டும் என்று வேண்டிக் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். 1834இல் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறை பகுதியில் கண்டெடுத்த அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. செமெலிங் அருகே சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது, இரும்பு உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்றூதும் மண்குழாய்கள் ஆயிரக்கணக்கிலும் கிடைத்தன. அவையும் சோழருக்கு முற்பட்டவை. உள்ளூர் மக்களின் உழைப்பில் எழுந்த ஊர் இது. வந்தவர்கள் அதில் கலந்தார்கள். ராஜராஜன் காலத்தில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரே கொடையாக வழங்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் அந்த நட்பு படையெடுப்பாக மாறியது. பள்ளியில் நாங்கள் கைதட்டியது படையெடுப்புக்கு மட்டும். அந்த விகாரைக்கு யாரும் கைதட்டச் சொல்லித் தரவில்லை.

2013இல் இப்பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோயில் தளம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்து நாடே கொதித்தது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வியப்பு ஏற்படவில்லை. “ஆளு இருக்கற கோயிலையே இடிக்கிறாங்க, ஆளு இல்லாத கோயிலுக்கு யாரு வந்து நிக்கிறது?” என்றார்.

மூன்றாம் நாள் மெர்போக்கிலிருந்து சிங்கிர் வழியாக யானுக்குப் போனோம். பயணத்தின் அழகான பகுதி இதுவே. வலப்பக்கம் காடு அடர்ந்த மலைச்சரிவு, இடப்பக்கம் கடல், நடுவே குறுகிய சாலை. கடலில் புலாவ் பூந்திங் முதலிய சிறு தீவுகள் மலையிலிருந்து உருண்டு விழுந்த துண்டுகள் போலத் தெரியும். யானைத் தாண்டினால் அறுவடை முடிந்த வயல்கள். அந்த வயல்வெளியில் புக்கிட் சோராஸ் என்ற சிறு குன்று தனித்து நிற்கிறது. அங்கிருந்த பௌத்தக் கோயிலை 2023, 2024ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியபோது சுதைச் சிலைகள் வெளிப்பட்டன. வயலுக்கு நடுவே ஏன் கோயில் என்று தம்பி கேட்டான். “வயலை அழிச்சிட்டுக் கடலை வச்சுப் பாரு” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

நான்காம் நாள் குரூண் வழியாக மலையைச் சுற்றிப் பீடோங் வந்தோம். பாட்டியின் தோட்டத்தைக் கைப்பேசி வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லை. நிலம் பலமுறை கைமாறிவிட்டது. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. இரண்டு மணி நேரம் சுற்றினோம். அப்பா சலித்துப்போய், “அம்மா, எல்லாம் மாறிப் போச்சும்மா” என்றார். பாட்டி பதில் சொல்லாமல் சன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எங்க லயத்து வாசல்ல நின்னா, முன்னால இருக்கற சின்னக் குன்றோட உச்சி, பெரிய மலையோட தோளைத் தொட்டுக்கிட்டு நிக்கும். இங்க தொடல. இன்னும் அந்தப் பக்கம் போங்க.”

மீனவர்களும் மாலுமிகளும் இதைத்தான் செய்கிறார்கள். தொலைவிலுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தித் தெரிந்தால், பார்ப்பவன் அவ்விரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் மேல் நிற்கிறான் என்று பொருள். இன்னொரு கோடு கிடைத்தால், இரண்டும் வெட்டும் புள்ளியே அவன் நிற்கும் இடம். பாட்டிக்கு இரண்டாவது கோடும் தெரிந்திருந்தது: “காலையில ரயில் சத்தம் கேட்டு எந்திரிப்போம். தண்டவாளத்துக்கு நடந்து போயிட்டு வர ஒரு வெத்தல போடற நேரம்.” அப்பா தண்டவாளத்தை ஒட்டிய சாலையைப் பிடித்து மெதுவாக ஓட்டினார். நான் பாட்டியின் தலைக்குப் பின்னால் தலையை வைத்து மலையைப் பார்த்தேன். குன்றின் உச்சி மெல்ல நகர்ந்து, மலையின் தோளை நெருங்கி, தொட்டது.

“நிறுத்துய்யா” என்றார் பாட்டி.

அது ஒரு வீடமைப்புப் பகுதியின் கடைசி வரிசை. எதிரே காரை கழுவிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை வினோதமாகப் பார்த்தார். அப்பா இறங்கிப் போய் அவரிடம் பேசினார். அவருக்குத் தோட்டத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை; ஆனால் வண்டியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். பாட்டி வேனின் பக்கக் கதவை முழுதாகத் திறக்கச் சொன்னார். மலை கதவுக்குள் பொருந்தியது போல் தெரிந்தது. கால்களை வெளியே தொங்கவிட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் அழவில்லை.

“அடுப்பப் பத்த வை கண்ணு. இங்கயே ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்” என்றார்.